ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீற்றர்

வள்ளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பதற்கு யாராவது ஐந்து மாதத்துக்கு முதலே இடம் பதிவார்களா என்று பவளம் மச்சாள் நேற்றும் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். சுகிர்தா அதை இரண்டு தரம் கேட்டாள். முதல் தரம் கோபம் வந்தது. கோபப்பட்டது நியாயம்தானா என்று பார்ப்பதற்காக இரண்டாம் தரம் கேட்டாள், நியாயம்தான். பதியத்தான் வேண்டும் மச்சாள், அந்தப் பூங்காவில் ஒரு ஏரிக்கு நாலோ ஐந்தோ கூடார இடங்கள்தான், ஐந்து மாதத்துக்கு முதல் அதே திகதி காலை ஏழு மணிக்குத்தான் பதிவு திறக்கும், திறந்து மூன்று நிமிடத்துக்குள் நல்ல ஏரியெல்லாம் போய்விடும் என்று அவள் எத்தனை தரம் சொல்லியாயிற்று. கணவனின் அக்கா என்பதால் ஒவ்வொரு தரமும் சிரித்த குரலில் வேறு சொல்ல வேண்டியிருந்தது. செய்தியின் கடைசியில், "அங்க பிளக் பொயின்ற் இருக்கோ சுகிர்தா? இருந்தா சொல்லும், என்ர சின்ன ரைஸ் குக்கரைத் தாறன். கேதீசுக்கு நேரத்துக்குச் சோறு வேணும், உமக்குத் தெரியும்தானே" என்று மச்சாள் முடித்திருந்தார். உமக்குத் தெரியும்தானே. முப்பது வருடமாக அந்த மனிதனுக்குச் சோறு போடுகிறவளைப் பார்த்து. சுகிர்தா கைத்தொலைபேசியை முகம் குப்புற மேசையில் வைத்தாள். சனிக்கிழமை காலை ஆறேகால். ஸ்காபரோவில் ஏப்ரல் மாதத்துக் குளிர் குசினித் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் மடிக்கணினி, விரித்த வரைபடம், ஆறிப்போன தேத்தண்ணி. இவர் மேலே படுத்திருக்கிறார். படுத்திருக்கட்டும். எழும்பி வந்து பக்கத்தில் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்காமல் இருந்தாலே போதும், இந்த முக்கால் மணித்தியாலம் கடந்துவிடும்.

எட்டிப் பார்க்கக்கூடாது. ஏனென்றால் அவள் பொய் சொல்லப்போகிறாள். பெரிய பொய் இல்லை, முப்பது வருடத்தில் சொல்லாத பொய்யும் இல்லை. வரைபடத்தில் இரண்டு ஏரிகள். டோசன் ஏரி, அதற்கு அங்கால் பேர்ச் ஏரி. டோசனுக்குப் போவது லேசு. வாகனத்தை விட்ட இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் துடுப்புப் போட்டால் ஒரு போர்ட்டேஜ் வரும், தண்ணீர் முடிகிற இடத்தில் வள்ளத்தையும் மூட்டைகளையும் தோளில் எடுத்துக்கொண்டு அடுத்த தண்ணீர் வரைக்கும் நடக்கிற பாதைக்கு அதுதான் பெயர், அந்தப் பாதை வெறும் தொண்ணூறு மீற்றர், சுப்பர்மார்க்கெட் வாசலிலிருந்து கார் நிற்கிற இடத்துக்குச் சாமான் வண்டில் தள்ளுவது மாதிரி, அது முடிந்தால் டோசன். டோசனிலிருந்து பேர்ச்சுக்குப் போகத்தான் அந்த ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீற்றர். வரைபடத்தில் அது ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு, சுண்டுவிரல் நகத்தளவு நீளம்கூட இல்லை. அந்த நகத்தளவுக் கோட்டை மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடு நீளவுமில்லை, குறையவுமில்லை. அவளுக்குப் பல் செய்கிற இடத்தில் வேலை. ஊர் பேர் தெரியாதவர்களின் கடைவாய்ப்பல்லை அரை மில்லிமீற்றர் பிசகாமல் அராவிக் கொடுக்கிறவள். அளவு என்றால் அவளுக்குப் பயமில்லை. ஆனால் இந்த அளவை எதால் அளப்பது? மீற்றரில் அளந்தால் ஒன்று, இவருடைய இதயத்தால் அளந்தால் வேறொன்று. ஆகவே ஏழு மணிக்கு டோசன் ஏரியைப் பதிந்துவிடுவாள். எட்டு மணிக்கு இவர் எழும்பி வந்து கேட்டால், பேர்ச் முழுதும் நிரம்பிவிட்டது அப்பா, நான் என்ன செய்ய, என்பாள். அவ்வளவுதான். கையை விரித்துக் காட்டவும் வேண்டும். ஒரு கை போதும்.

பேர்ச்சுக்குப் போவம், நீர் போன ஏரிக்கே போவம் என்று பிடிவாதம் பிடிப்பவரும் இவர்தான். இதுதான் அவளுக்கு ஆற்றாத எரிச்சல். மூன்று வருடத்துக்கு முன் வேலைத்தலத்து ஐரீன் இழுத்துக்கொண்டு போய், நாலு பெண்களாக அவள் முதன்முதல் கனூ வள்ளத்தில் ஏறினபோது இந்த மனுசன் என்ன சொன்னார்? "மரமும் தண்ணியும்தானே. இஞ்ச பின்வளவிலயும் மரம் நிக்குது, குழாயைத் திறந்தா தண்ணி வருது" என்றார். திரும்பி வந்து அவள் கதை கதையாகச் சொன்னபோது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டவில்லை, அது ஒரு பெருந்தன்மை, குறைக்கவுமில்லை. அவள் எதைச் சொன்னாள்? ஐரீன் மூட்டைகளைச் சுமக்க, அந்த ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீற்றரும் வள்ளத்தைத் தானே தூக்கி நடந்ததைச் சொன்னாள். ஆனால் சொல்ல வரவில்லை. கவிழ்த்த வள்ளத்துக்குள் தலை இருக்கும்போது உலகம் சுருங்கிக் கால் பெருவிரலுக்கு முன்னால் மூன்று அடி மண்ணாகிவிடும், தன் மூச்சு தன் காதிலேயே திரும்பி வந்து விழும், நுளம்பும் உள்ளுக்குள் வந்து மாட்டிக்கொண்டு நெற்றியில் இருக்கும், கை இரண்டும் வள்ளத்தைப் பிடித்திருப்பதால் அடிக்கவும் ஏலாது, வேர், கல், சேறு, மறுபடி வேர். பாதி வழியில் அழுகை வந்தது. ஏன் என்று தெரியாது, நோவுக்கு இல்லை. அன்றுவரை வாழ்க்கையில் அவள் தூக்கினதெல்லாம் வேறு ஆட்கள் தூக்கித் தந்தது, இது தானே குனிந்து, தானே துடையில் ஏற்றி, தானே தோளில் போட்டது என்ற ஒரு விசர் எண்ணம். பிறகு மரங்கள் விலகி, மூக்குக்கு முன்னால் வெளிச்சம் தரையில் கிடந்து ஆடியது. தண்ணீர். அதைச் சொல்லவே முடியவில்லை. அதனால், "நல்ல வடிவான இடம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய்ப் பாத்திரம் கழுவினாள்.

இப்போது பார், இவருக்குத்தான் அந்த ஏரி வேண்டுமாம். மாசி மாதத்திலிருந்து ஒரே கனூதான். காலையில் கனூ வீடியோ, மாலையில் கனூ வீடியோ, துடுப்பை எப்படித் திருப்பினால் வள்ளம் நேரே போகும் என்று வீடு கூட்டுகிற தும்புத்தடியை வைத்துக்கொண்டு வரவேற்பறையில் காட்டுகிறார், வள்ளத்திலேயே கால் வைக்காத மனுசன் அதில் ஏறி இறங்கினவளுக்குப் படிப்பிக்கிறார். கயிற்று முடிச்சுகள். விளிம்பு அகலமான தொப்பி ஒன்று, குசினிக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிகிறார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எஞ்சினுக்குக் கீழே படுத்துக் கிடந்த கைகள். இப்போது பாரமில்லாத வேலை என்று கதிரையில் இருத்தி ஒரு கணினியைக் கொடுத்திருக்கிறார்கள், அதிலும் வள்ளம்தான் பார்க்கிறாராம். அவளால் சிரிக்க முடிந்திருந்தால் சிரித்திருப்பாள். வன்கூவரில் இருக்கிற மகள், "விடுங்கோ அம்மா, அப்பா சந்தோசமா இருக்கிறார்" என்கிறாள். மூவாயிரம் மைல் தள்ளி இருந்து சந்தோசத்தைப் பார்ப்பது லேசு. சாமான் பட்டியலை யார் எழுதுவது? கூடாரம் இரண்டரை கிலோ, சாப்பாட்டுப் பீப்பா எட்டு கிலோ, கரடிக்கு எட்டாமல் அதைக் கயிற்றில் கட்டி மரத்தில் ஏற்ற வேண்டும், வள்ளம் பத்தொன்பது கிலோ, இலேசான ரகமே அவ்வளவு. மருந்துப் பை. காலையில் மூன்று குளிசை, இரவில் இரண்டு, நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரே. ஸ்பிரே ஒன்று போதாது, மூன்று வேண்டும்: இவருடைய சட்டைப் பையில் ஒன்று, தன் இடுப்பில் ஒன்று, வள்ளம் கவிழ்ந்தாலும் மிதக்கிற பெட்டிக்குள் ஒன்று. மூன்றையும் நனையாத பைகளில் போட்டுப் பட்டியலில் எழுதியாயிற்று. பிறகு அந்தச் செய்மதிக் கருவி. கைத்தொலைபேசி அங்கே ஒரு கோடுகூடக் காட்டாது, ஆனால் கருவியில் ஒரு பொத்தானை அமத்தினால் உதவி வரும். எவ்வளவு நேரத்தில் வரும் என்று அதை வாடகைக்குக் கொடுப்பவனை அவள் தொலைபேசியில் கேட்டாள். காலநிலையைப் பொறுத்தது அம்மணி என்றான். நல்ல காலநிலையில்? இரண்டு மணித்தியாலம், மூன்று. கெட்ட காலநிலையில்? அவன் நீங்கள் தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டான். இல்லை, என் கணவரோடு என்றாள். அப்ப நல்லது என்றான் அந்த அறிவாளி.

இரண்டு மணித்தியாலம். அவன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு மணித்தியாலம் என்றிருக்கலாம், நாலு என்றிருக்கலாம், எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அவள் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். போன ஓகஸ்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணித்தியாலம்தான். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா, மண்டபத்தில் மதியச் சாப்பாடு, திரும்பி வரும்போதே இவர் காரில் பேசாமல் வந்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்து, "நெஞ்சுக்குள்ள ஏதோ நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அவள் என்ன சொன்னாள்? சொன்ன சொல் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது, அராவி எடுத்துப் பூசி வைத்த பல் மாதிரி: "நாலு ரோல்ஸ் திண்டா வேற என்ன நிக்கும்? வாயு." ஓமத்தண்ணி அவித்தாள். அவிக்கும்போது முணுமுணுத்தாள். கொடுத்தாள். அவர் குடித்தார், முகத்தைச் சுளிக்காமல், சொன்னதைச் செய்கிற பிள்ளை மாதிரி. அவள் கீழே போய் உடுப்பு மெசினைப் போட்டாள். வெள்ளை உடுப்பு வேறு, நிற உடுப்பு வேறு. காய்ந்ததை மடித்தாள். இவருடைய காலுறைகளில் சோடி சேராத ஒன்று இருந்தது, அதன் சோடியைத் தேடினாள், தேடிக் கண்டுபிடித்தாள், அதற்காகச் சந்தோசப்பட்டாள். ஒரு மனிதன் மேலே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கீழே அவள் காலுறைக்காகச் சந்தோசப்பட்டாள். மேலே வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்புலன்ஸ், வெளிச்சம், ஓட்டம், கதவுகள். "நோவு எப்ப துவங்கினது?" என்று வைத்தியர் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் படுக்கையிலிருந்து இவர், "இப்பதான், அரை மணித்தியாலம் இருக்கும்" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாக மூடித்தான் இருக்கிறது. அவருக்கு நேரம் தெரியவில்லையா, மயக்கத்தில் குழம்பிப்போனாரா, அல்லது. அந்த அல்லதுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொரு தரமும் அவள் எழும்பி எதையாவது துடைப்பாள். இப்போதும் எழும்பினாள். மேசையில் தேத்தண்ணி வட்டம் ஒன்று இருந்தது, துடைத்தாள். வைத்தியர் நல்லாயிட்டார் என்கிறார். எதையும் தூக்கலாமாம், மூச்சை அடக்கக்கூடாது, அவ்வளவுதானாம், நடந்தால் நல்லதாம். வைத்தியருக்கு அரை மணித்தியாலம் என்றுதானே தெரியும். இரண்டு மணித்தியாலம் என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? பிழையான அளவைக் கொடுத்துவிட்டுப் பல் பொருந்துகிறது என்று சொல்வதை எப்படி நம்புவது? கேட்டிருக்கலாம். எட்டு மாதத்தில் ஆறு தரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆறு தரமும் வைத்தியர், "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவளைத்தான் பார்த்துக் கேட்டார். ஆறு தரமும் உப்பைப் பற்றிக் கேட்டாள்.

ஆறு நாற்பத்தெட்டு. பூங்காவின் பக்கம் திரையில் திறந்திருந்தது, செப்டெம்பர் பதினெட்டு, இரண்டு இரவு, இரண்டு ஆள், ஒரு வள்ளம். டோசன் ஏரியில் விரல் வைத்தபடி இருந்தாள். ஏழு அடித்ததும் அமத்த வேண்டியதுதான். எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை; வெளிச்சம் காணாது. யன்னல் திரையை இவர்தான் இரவில் இழுத்து இறக்கிவிடுவார், குளிர் வருமாம், அதை ஏற்றுவது மட்டும் அவளுடைய வேலை. எரிச்சலோடு கயிற்றை இழுத்தாள். பின்வளவு தெரிந்தது. பனி உருகின ஈரம், புல்லா சேறா என்று சொல்ல முடியாத நிலம், வேலியோரம் அழுக்கான ஒரு பனித்திட்டு. அந்த வேலியோரமாக, தோளில் நீட்டுக்கு ஒரு அலுமினிய ஏணியைக் கிடையாக வைத்துக்கொண்டு, ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே தலை. தோள் இரண்டிலும் மடித்த துவாய். கழுத்துக்கு மேலே அந்தத் தொப்பி.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. அது நல்ல துவாய். வெள்ளைத் துவாய், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்தது, இப்போது ஏணி அழுக்கு முழுதும் அதில் இருக்கும். அடுத்ததாக, மேலே படுத்திருக்கிறார் என்று தான் நினைத்துக்கொண்டிருந்த இவ்வளவு நேரமும் மனுசன் கராஜ் கதவு வழியாக இறங்கி இந்தக் குளிரில் என்று தொடங்கி, அந்த எண்ணத்தை முடிக்காமல் நின்றாள். சேற்றில் ஒரு பாதை இருந்தது. வேலியை ஒட்டி, கொட்டிலைச் சுற்றி, உடுப்புக் காயப்போடுகிற கம்பியைத் தவிர்த்து வளைந்து, திரும்ப வேலி. ஒருநாளில் விழுகிற தடம் இல்லை அது. புல் செத்து, மண் மினுங்கி, மாடு போய் வந்த வழி மாதிரி இறுகியிருந்தது. எத்தனை நாளாக? அவள் வேலைக்கு ஆறு மணிக்கே போய்விடுவாள். கிழமையில் ஐந்து நாள். மூன்று கிழமையாகவா? அவள் மேசையில் அந்த நகத்தளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்த மூன்று கிழமையுமா? பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் யன்னலால் பார்த்திருப்பார்கள். ஏணியோடு சுற்றுகிற தமிழன். விழுந்திருந்தால்? சேற்றில் வழுக்கி, ஏணி மேலே கிடக்க, அவள் ஆரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லைப் பிடித்து அராவிக்கொண்டிருக்க. ஆரிடம் கேட்டார்? வைத்தியரிடம் கேட்டாரா? என்னிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? விடமாட்டேன். அதுதான் கேட்கவில்லை. அவர் கொட்டிலைச் சுற்றி வந்தார், நடை ஒரே சீராகத்தான் இருந்தது, வாய் அசைந்தது, எதையோ எண்ணுகிறார். வேலி மூலையில் நின்றார். முழங்காலை மடித்து ஏணியை மெல்ல இறக்கி வேலியில் சாத்தினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு வலது கையை எடுத்து நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்தார், வைத்த கையை எடுக்காமல் குனிந்தார்.

கதவை எப்படித் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் போடுகிற செருப்போடு சேற்றில் ஓடினாள், ஒரு செருப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

"எப்ப துவங்கினது? நோவு எப்ப துவங்கினது? சொல்லுங்கோ! ஸ்பிரே எங்க?"

கேதீஸ்வரன் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் வியர்வை நெற்றியில் மட்டும்தான். இரண்டு விரலைச் சட்டைப் பைக்கு மேல் வைத்துக்கொண்டு மற்றக் கையின் மணிக்கூட்டைக் காட்டினார்.

"கத்தாதையும் சுகி. எண்ணிக்கொண்டிருந்தனான், பிழைச்சுப்போச்சு. நடந்து முடிய இதயம் எத்தினை அடிக்குது எண்டு பாக்கச் சொன்னவை."

"ஆர் சொன்னது?"

"அந்த உடற்பயிற்சி வகுப்பில. ஏணியைப் பற்றியும் கேட்டனான். மூச்சை விட்டு விட்டு நடவுங்கோ எண்டவை."

"ஏணியைப் பற்றி ஊரெல்லாம் கேட்டிருக்கிறியள். எனக்கு ஒரு சொல்லு?"

அவர் ஒற்றைச் செருப்போடு நிற்கிற அவளுடைய காலைப் பார்த்தார், போய்ச் சேற்றிலிருந்து மற்றச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் போட்டார்.

"பயப்பிடாதையும். இந்தமுறை நொந்தால் உடன சொல்லுவன்" என்றார். "போனமுறை மாதிரி மணித்தியாலத்தைக் குறைச்சுச் சொல்லமாட்டன்."

எட்டு மாதம். இந்த மனுசன் எட்டு மாதமும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், தொப்பியைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் திரிந்திருக்கிறார். அவள் ஒவ்வொரு இரவும் மனதுக்குள் ஓமத்தண்ணியை அவித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். அழுவதா, ஏணியை எடுத்து ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ரெண்டு மணித்தியாலம் எண்டா உம்மையெல்லே நிப்பாட்டி வைச்சுக் கேட்டிருப்பினம். நீர் அந்த நேரம் நிண்ட நிலையைப் பாத்தா, கேட்டா விழுந்திடுவீர் போல இருந்தது. அடுத்த நாள் நான் வைத்தியரிட்ட சரியான நேரத்தைச் சொல்லிப்போட்டன். எழுதி வைச்சிருக்கினம்."

"அடுத்த நாளே?"

"அடுத்த நாள்தான். நீர் உடுப்பு எடுக்க வீட்ட போன நேரம்."

அப்படியென்றால் வைத்தியருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தூக்கலாம் என்றிருக்கிறார். ஆறு தரமும் தெரிந்துகொண்டுதான் அவளைப் பார்த்து வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றிருக்கிறார், அவளும் உப்பு, உப்பு, உப்பு என்றிருக்கிறாள். எவ்வளவு வீணான பயம். ஒரு சொல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும், ஒரு சொல் இவராவது சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே போர்வைக்குள் இருந்துகொண்டு. குளிர் காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. அப்போதுதான் நினைவு வந்து, "ஐயோ, ஏழு மணி!" என்று திரும்பி ஓடினாள்.

ஏழு ஒன்பது. டோசன் ஏரியில் ஐந்து இடங்களும் சிவப்பு. அதற்கு முந்தின ஏரியும் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஏரி, யாருக்கும் பெயர் தெரியாது என்று அவள் நினைத்திருந்தது, அதுவும் சிவப்பு. இலை பழுக்கிற கிழமை என்று உலகம் முழுக்க எழும்பி உட்கார்ந்து அமத்தியிருக்கிறது. திரையைக் கீழே இழுத்தாள். பேர்ச் ஏரியில் மூன்று இடம் பச்சையாக இருந்தது. இருக்கும்தானே. அதற்கு முன்னால் ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீற்றர் நிற்கும்போது ஆருக்கு வேண்டும்.

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சேற்றுச் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் கேதீஸ்வரன். அவள் அஞ்சினது அதைத்தான், ஆனால் இப்போது திரையை மறைக்கவும் தோன்றவில்லை.

"பேர்ச் கிடக்குதே. பிறகேன் டோசனில நிக்கிறீர்?"

"டோசன்தான் பதிய இருந்தனான்" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "பேர்ச் நிரம்பிட்டுது எண்டு உங்களுக்குச் சொல்ல இருந்தனான்."

அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். ஈர மண்ணும் இரும்பும் கலந்த மணம் வந்தது.

"வளவைச் சுற்றி ஒருதரம் வந்தா நாப்பது மீற்றர்" என்றார். "நாப்பத்தொரு சுற்று வேணும். முதல்நாள் மூண்டு சுற்றோட இருந்திட்டன். இண்டைக்கு இருபத்தாறு. அதுக்கு மேல போகுதில்லை சுகி, ஒரு கிழமையா இருபத்தாறிலதான் நிக்குது. இண்டைக்கு உமக்குச் சொல்லத்தான் இருந்தனான், பேர்ச் வேண்டாம் எண்டு. எனக்கு அந்த ஏரியைப் பாக்க விருப்பம். நீர் வந்து சொன்ன நேரம் நான் வடிவாக் கேக்கேல்லை."

சுகிர்தா அவரைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே நரைத்த மயிர் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல மூன்று வருடம். சொல்கிற நேரத்தைப் பார், ஒவ்வொரு இடமாகப் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், சேற்றுச் சப்பாத்தோடு.

"நீங்கள் முழுக்கத் தூக்க வேணும் எண்டு ஆர் சொன்னது?" என்று சீறினாள். "நான் முழுசாத் தூக்கினனான். தெரியும்தானே? மிச்சம் எத்தினை, பதினைஞ்சு சுற்று. அதை நான் தூக்கமாட்டனோ?"

"மூட்டையள்?"

"இரண்டாம்தரம் திரும்பி வந்து எடுக்கிறது. மூண்டு நடை. ஐயாயிரம் மீற்றர். ஒரு பகல் முழுக்கப் போகும். ஒருத்தரும் எங்களைத் துரத்தி வரேல்லை."

பச்சையில் அமத்தினாள். சக்கரம் சுற்றியது, நின்றது போல இருந்து மறுபடி சுற்றியது, இந்தச் சனியனை என்று அவள் வாயெடுக்கும்போது உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. அவர் மூச்சை விட்டார். அவள் எழும்பி, நனைந்த செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வாசலில் கிடந்த மகளின் பழைய சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

"எங்க போறீர்?"

"நீங்கள் வந்து எண்ணுங்கோ."

ஏணி அவள் நினைத்ததைவிடப் பாரமாகத்தான் இருந்தது. குனிந்து துடையில் ஏற்றும்போது ஒருதரம் வழுக்கியது, விசர் ஏணி, விசர் மனுசன் என்று இரண்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு தோளில் போட்டாள். துவாய் ஈரமாக, இன்னும் அவருடைய சூட்டோடு இருந்தது. பக்கத்து வீட்டு யன்னலில் யாரோ திரையை விலக்கினார்கள். விலக்கட்டும். கேதீஸ்வரன் படியில் தொப்பியோடு நின்றார், நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், அவள் வேலியோரமாகத் திரும்பி, கொட்டிலைச் சுற்றி, கம்பிக்குக் குனிந்து, மூச்சை விட்டு விட்டு நடந்து வந்து அவரைக் கடக்கும்போது, "இருபத்தேழு" என்றார்.